காயா போத்தல்

கட்டிப்போட்ட இடத்தில் படகு நன்றாகத்தான் ஓடியது.
சும்மா நிற்கையில் எல்லாப் படகும் நல்ல படகு என்றேன்.
தவுக்கே கியாட் செங் சிரிக்கவில்லை.
மூன்று இரவாய் வலை நனையாதவர்.

பத்து மாவுங்கில் கயிற்றை அவிழ்த்து
ஜெரெஜாக் பக்கம் விட்டோம்.
விசையைக் கூட்டிப் பத்தாவது நிமிஷம்
இருமல்.
ஒரு மூச்சு, அப்புறம் அரை மூச்சு,
கொஞ்சம் வெள்ளைப் புகை.
பிறகு தூரத்துப் பாலத்தில் லாரிகள் போகும் சத்தம் மட்டும்.

"பம்பு இல்லை, மலா. அவன்."
(மலர் என்ற பெயரில் ர் அவர் நாக்கில் நிற்பதில்லை.)
முகவாயால் காட்டினார்.
டீசலை உறிஞ்சி விற்றுவிட்டு
அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தானாம் ஸா மின்,
தாவெயிலிருந்து வந்து பதினோரு மாதம் ஆனவன்.
அவன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.
மலாய் அவனுக்குப் புரியும்.

நான் எஞ்சினிடம்தான் கேட்பது வழக்கம்.
மனிதர்களிடம் கேட்டால்
பதில் வந்துவிடும்.

தொட்டிக் குழாயைப் பிடுங்கி
நான் கொண்டுபோன ஐந்து லிட்டர் டின்னுக்குள் விட்டேன்,
என் கண்முன்னே வடிகட்டிய டீசல்.
திருகைத் தளர்த்தி, நுரை வடிந்து
எண்ணெய் மட்டும் வரும்வரை கையால் அடித்தேன்.
முழு விசையில் இருபத்தைந்து நிமிஷம்.
ஒரு செருமல் இல்லை.
எஞ்சினை விட்டுவிடலாம். இனி தொட்டி.

அடித்திருகு வழியாக வந்ததைப் பிடிக்க
கையில் கிடைத்தது கழுவிய காயா போத்தல்.
நிழலில் வைத்தேன்.
தெளிய நேரம் கொடுக்க வேண்டும்;
நாசி லெமாக் பொட்டலம் பிரித்தேன், யாரும் பங்குக்கு வரவில்லை.

மேலே தே ஓ நிறத்தில் டீசல்.
கீழே இரண்டு விரல் தண்ணீர்.
நடுவில் ஒரு கறுப்புத் தோல்,
சட்டியில் தீய்ந்த பாலின் ஆடை மாதிரி.
அது அழுக்கு இல்லை. உயிர்.
செம்பனை கலந்த டீசல் ஈரத்தை லேசில் விடாது;
ஒட்டாத இரண்டுக்கும் இடையில்
குடித்தனம் நடத்த ஒரு கூட்டம் வந்துவிடும்.
வடிகட்டியை அடைத்தது அந்தக் குடித்தனம்தான்.

ஆனால் எந்தத் தண்ணீர்?
அடியிலிருந்து ஒரு துளி எடுத்து நாக்கு நுனியில் வைத்துத் துப்பினேன்.
(சொல்லிக்கொடுக்கிற முறை இல்லை இது,
மத்தியானம் வரை ஏப்பத்தில் டீசல்.)
உப்பு.

"கடலில் மொண்டு ஊற்றியிருப்பான்."
இருக்கலாம். அதையும் கேட்டாக வேண்டும்.

மேல்தட்டில் தொட்டிவாய் மூடியைத் திறந்து
கழுத்தைத் துணியால் உலரத் துடைத்தேன்.
மூடினேன்.
தவுக்கேயையே ஒரு வாளி கடல்நீர் ஊற்றச் சொன்னேன்.
ஐந்து நிமிஷம்.
திறந்து, ரொட்டிக் கடை ரசீது ஒன்றை
உள்ளே விட்டுத் துழாவி எடுத்தேன்.
நனைந்திருந்தது.

மூடியின் உள்பக்கம் ரப்பர் வளையம் இருக்க வேண்டிய இடத்தில்
நீலமாய் ஏதோ, கோணலாய், கத்தியால் வெட்டியது.
ஜப்பான் சிலிப்பர்.
அலை தட்டில் ஏறும் ஒவ்வொரு இரவும்
கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது கடல்.

நான் யாரையும் பார்க்கவில்லை.
தவுக்கேதான் சொன்னார், மூடியிடம் சொல்வதுபோல:
"சீனப் பெருநாள். கடையெல்லாம் அடைப்பு."

வளையம் இரண்டு ரிங்கிட்.
தொட்டியை இறைத்துக் கழுவ, வடிகட்டி மாற்ற, என் கூலி,
முந்நூற்று நாற்பது.
பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தார்.
ஸா மின்னிடம் ஏதாவது சொல்வாரென்று
பணத்தை இரண்டு முறை எண்ணினேன்.
சிகரெட் பற்றவைத்தார், அவ்வளவுதான்.

ஸா மின் எழுந்தான்.
போத்தலை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தான்.
மூடியை இறுக்கித் திருகினான்.
சுக்கானுக்கு மேலே,
தவுக்கேயின் சாமிக்குச் சிவப்பு விளக்கு எரியும் பலகையில்
ஊதுவத்திக் குவளையைச் சற்றே நகர்த்தி
அதன் பக்கத்தில் வைத்தான்.

எடு என்று
தவுக்கே சொல்லவில்லை.